யுலாராவில் ஓர் இரவு போதுமா?

கேள்வி: "செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு உலுரு போகலாம் என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. எனக்கு அது வெட்டிச் செலவு என்றுதான் படுகிறது. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஒரு சிவப்புப் பாறை, அதன்மேல் ஏறவும் விடமாட்டார்களாம். பக்கத்தில் தங்க இருப்பது யுலாரா என்ற ஒரே ரிசார்ட் ஊர், அவன் வைத்ததுதான் விலை. மத்தியானம் இறங்கி, சூரியன் மறைவதைப் பார்த்து, ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் விமானம் ஏறினால் போதாதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூலை 18, இரவு

போன வாரம்தான் திரும்பினோம், சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். போதாது. அதுவும் காசு மிச்சம் பிடிக்கிறவர் போடவே கூடாத கணக்கு இது. விமானச் சீட்டு, கார், நுழைவுக் கட்டணம் என்று பெரிய செலவெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்கே தீர்ந்துவிடுகிறது. சேர்ந்த பிறகு கூட ஒரு நாள் இருந்தால் ஆவது படுக்கைக் காசும் சாப்பாடும்தான். பாறை இருக்கும் தேசியப் பூங்காவின் டிக்கெட் பெரியவர்களுக்கு 38 டாலர், அது 3 நாளுக்குச் செல்லும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஒரே மாலையில் அதைத் தீர்த்துவிட்டு வருவதுதான் வெட்டிச் செலவு.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சூரியன் மறைவதைப் பார்க்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, மற்ற நூறு கார்களோடு நாங்களும் போய் நின்றபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காலண்டரிலும் விமானக் கம்பெனி விளம்பரத்திலும் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே படம், அதே நிறம். பக்கத்தில் ஒருவர் மடக்கு மேசை விரித்து ஷாம்பெயின் ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் போட்டிருக்கும் திட்டப்படி போனால் இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நான் அப்பவே சொன்னேனே" என்று வீட்டில் சொல்வீர்கள். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியாகவும் இருக்கும்.

ஜூலை 18, இன்னும் கொஞ்சம்

ஈக்கள். ஜூலை குளிர்காலம், ஈ இருக்காது என்றார்கள். கம்மிதான், ஆனால் மத்தியானம் பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வந்துவிடுகின்றன. கடிக்காது. கண்ணோரத்தில், மூக்கில், உதட்டில் ஈரம் தேடி உட்காரும், விரட்டினால் போய் முதுகில் உட்கார்ந்து உங்களோடே சவாரி செய்யும். என் முன்னால் நடந்த ஜெர்மன்காரர் முதுகில் சட்டை நிறமே தெரியவில்லை. செப்டம்பரில் இன்னும் கூடும் என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னார். தலையோடு மாட்டிக்கொள்ளும் வலை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். கறுப்பு வலை. வெள்ளை வலை வெயிலில் கண்ணைக் கூசச் செய்து எதையும் பார்க்க விடாது.

ஜூலை 19

ஏற விடாதது பற்றி. 2019 அக்டோபர் 26 முதல் ஏறக் கூடாது, பிடித்து ஏறுவதற்குப் போட்டிருந்த சங்கிலியையும் பிடுங்கிவிட்டார்கள். இது திடீர் முடிவு அல்ல. அனங்கு மக்கள், அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான பூர்வகுடிகள், ஏறாதீர்கள் என்று பல வருடம் போர்டு வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே ஏறுகிறார்கள் என்ற நிலை வந்தபிறகுதான் பூங்கா வாரியம் 2017 நவம்பரில் மூடுவதென்று முடிவெடுத்தது. அக்டோபர் 26 என்பதும் சும்மா பார்த்த நாள் இல்லை. 1985-ல் அதே தேதியில்தான் அரசு அந்த நிலத்தை அனங்குகளிடம் எழுதிக் கொடுத்து, அதே கையோடு 99 வருடக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஏறுகிற பாதை 1964-ல் சங்கிலி போட்ட இடம். அங்கே போய் நின்றால் லட்சக்கணக்கான செருப்புகள் தேய்த்த வெளிறிய கோடு ஒன்று பாறை முதுகில் இன்னும் தெரிகிறது. வழுக்கி விழுந்தும் மாரடைப்பிலும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்திருக்கிறார்கள். யாரும் பேசாத சமாச்சாரம் ஒன்று: மேலே கழிப்பறை கிடையாது. மேலே ஏறினவர்கள் செய்தது எல்லாம் மழையோடு வழிந்து கீழே மிருகங்கள் குடிக்கும் சுனைகளுக்கு வந்தது. இதற்கு மேலும் "ஏற விடவில்லையே" என்று குறைப்படுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கீழேயிருந்து 348 மீட்டர். அண்ணாந்து பார்த்தாலே என் முட்டிக்குப் போதும் என்றிருந்தது.

ஜூலை 20

"சரி, ஏறாமல் அங்கே மூன்று நாள் என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடப்பது. அடிவாரத்தைச் சுற்றி 10.6 கிலோமீட்டர் பாதை. இதுதான் நான் சொல்ல வந்ததே, மற்றதெல்லாம் ஓரத்தில்.

அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை, ஒரு முட்டியில் வலி. பாதை தொடங்கும் மாலா கார் நிறுத்துமிடத்தில் பூங்காவின் பலகை கடிகாரச் சுற்றில் நடக்கச் சொல்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "வலமாத்தானே, அப்ப இது கிரிவலம்" என்று சொல்லிவிட்டார். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்றினவருக்கு இது என்ன என்று ஒரு தெம்பு. நான் அவரை மாலா பகுதியோடு நிறுத்திவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன், அது தட்டையான பாதை, சக்கர நாற்காலியே போகும். நடக்கவில்லை. அதாவது என் திட்டம் நடக்கவில்லை, அம்மா நடந்தார்.

தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரிகிற அந்தப் பாறை கிட்டப் போனால் வேறு ஆள். தோல் முழுக்கச் செதில் செதிலாக, விரல் நகத்தளவு, உள்ளங்கையளவு, துருவேறிய தகரம் உரிகிற மாதிரி உரிந்து நிற்கிறது. சிவப்பும் உண்மையில் துருதான். உள்ளே கல் சாம்பல் நிறம், அதிலுள்ள இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்து இந்த நிறம் ஆகியிருக்கிறது. செதில் புதிதாக உதிர்ந்த இடங்களில் சாம்பல் எட்டிப் பார்ப்பதை அம்மாதான் முதலில் காட்டினார். மேலிருந்து கறுப்புப் பட்டைகள் இறங்குகின்றன, மழை பெய்தால் அருவி விழும் தடங்கள் அவை, பாசி கறுத்துக் கிடக்கிறது. பாறையின் அடுக்குகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. ஐம்பது கோடி வருடத்துக்கும் முன்னால் மலைகளிலிருந்து அடித்து வந்த மணல் படுத்த வாக்கில் படிந்து, இறுகி, பின்னால் பூமி நெருக்கித் தொண்ணூறு டிகிரிக்குத் திருப்பி நிறுத்தியிருக்கிறது. வெளியே தெரிவது மேல் நுனி மட்டும். மிச்சம் எல்லாம் மண்ணுக்குக் கீழே.

தெற்குப் பக்கம் முடிஜுலு சுனை. அந்தக் குளிரிலும் தண்ணீர் இருந்தது. சுனைக்கு முன்னால் குகைச் சுவரில் ஓவியங்கள், வட்டத்துக்குள் வட்டமாக. குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணும் லிரு என்ற நச்சுப்பாம்பும் சண்டை போட்ட இடம் அது. குனியாவின் உறவுப் பையனை லிருக்கள் ஈட்டியால் குத்திவிட, அவள் கோபத்தோடு வந்து லிருவின் மண்டையில் அடித்த அடி இரண்டும் பாறையில் பிளவுகளாக நிற்கின்றன. பலகையில் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பிளவு அங்கே இருக்கிறது. வெளியாட்களுக்குச் சொல்லலாம் என்று அவர்கள் வைத்திருக்கும் கதை இவ்வளவுதான், மிச்சக் கதை தீட்சை பெற்றவர்களுக்கு. வடகிழக்குப் பக்கம் நீளமாகப் படம் எடுக்கக் கூடாத இடங்கள் வருகின்றன. என் மகன் போனைப் பையில் போட்ட ஒரே நேரம் அதுதான்.

மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து நடந்ததில் பாதி நாள் போய்விட்டது. வழியில் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஓரிடத்தில்தான் கண்ணில் பட்டது, கையில் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜூலை 20, இரவு

கிரிவலம் என்று எழுதியதைப் பார்த்து ஒருவர் "அப்போ அது லிங்கம்தான், ஆதியில் தமிழர்கள் அங்கே போயிருக்கிறார்கள்" என்று கிளம்பிவிட்டார். ஐயா, வேண்டாம். அது அவர்கள் இடம், அவர்கள் தெய்வக் கதை, அவர்களே இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். நம் ஊர்ப் பெயரை ஒட்ட இன்னொரு கல் நமக்குத் தேவையில்லை. ஏற்கனவே 1873-ல் கோஸ் என்ற சர்வேயர் வந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் பதவியில் இருந்த ஹென்றி ஏயர்ஸ் பெயரை ஒட்டிவிட்டுப் போய், அதை உரிக்க அவர்களுக்கு நூற்றுச் சொச்சம் வருடம் ஆனது. 1993-ல் ஏயர்ஸ் ராக் / உலுரு என்று இரண்டு பெயர், 2002-ல்தான் உலுரு முன்னால் வந்தது.

நம் பக்கத்து ஆள் யாராவது வேண்டுமென்றால் கம்ரானைச் சொல்லலாம், அவரும் தமிழர் இல்லை. கோஸோடு கூட ஏறியவர் அந்த ஒட்டகக்காரர். ஆப்கன்கள் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட அந்த ஆட்களில் பலர் பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்தவர்கள். ரயிலும் லாரியும் வருவதற்கு முன் இந்தப் பாலைவனத்தில் மாவும் கம்பியும் சுமந்தது அவர்கள் ஒட்டகங்கள்தான். அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் ரயிலுக்கு 'தி கான்' என்ற பெயர் அந்த வழியில் வந்தது. வேலை போனதும் அவிழ்த்துவிட்ட ஒட்டகங்கள் காட்டில் பெருகி இப்போது தொல்லையாகிவிட்டன. ரிசார்ட்டில் அதே ஒட்டகத்தின் மேல் உட்கார வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

ஜூலை 21

மண் விவகாரத்தை எழுதலாமா என்று யோசித்தேன், அம்மா இதைப் படிக்க மாட்டார், எழுதுகிறேன். சுற்றி முடித்துக் காரில் ஏறும்போது பார்த்தால் அம்மா முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. என்னம்மா என்றால், "ஒரு சிட்டிகை மண்ணுப்பா, சாமி அலமாரியில வைக்க." எடுக்கக் கூடாது, சட்டப்படியே தப்பு என்றேன். மலை மலையாகக் கிடக்கிறதே, ஒரு சிட்டிகையில் என்ன குறைந்துவிடும் என்றார். அப்புறம் கலாசார மையத்தில் படித்ததைச் சொன்னேன்: இப்படிக் கல்லையும் மண்ணையும் எடுத்துப் போனவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம், கூடவே மன்னிப்புக் கடிதம், சிலர் எடுத்த நாளிலிருந்து வீட்டில் எதுவும் சரியில்லை என்று எழுதுகிறார்கள். அது போதுமானதாக இருந்தது. அம்மா இறங்கிப் போய், முடிச்சை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே உதறிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டம் என்று நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. அன்று ராத்திரி வரை என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

ஜூலை 21, சாப்பாடு கேட்டவருக்கு

சைவம் என்றால் தயாராகப் போங்கள். ரிசார்ட்டின் நடுச் சதுக்கத்தில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, அரிசி, பருப்பு டின், தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். விலை நகரத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் நான் பயந்த அளவு இல்லை. நாங்கள் கேம்ப்கிரவுண்டில் இருந்தோம், சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனது இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த புத்திசாலித்தனம். பொதுச் சமையலிடத்தில் கேஸ் தட்டு உண்டு. அந்தத் தட்டில் எங்களுக்கு முன்னால் ஒருவர் கங்காரு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். அம்மா மூன்று மடிப்பு அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் எண்ணெய் தடவி, கோதுமை தோசை சுட்டார். கங்காருக்காரர் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அசைவக்காரர்களுக்கு ரிசார்ட்டின் அவுட்பேக் ஹோட்டலில் ஒரு வேடிக்கை உண்டு. பச்சை இறைச்சியைக் காசு கொடுத்து வாங்கி, கங்காரு, ஈமு, முதலை என்று இஷ்டத்துக்கு, நீங்களே அடுப்பில் சுட்டுக்கொள்ள வேண்டும். ஹோட்டலில் காசும் கொடுத்துச் சமையலும் நாமே செய்வதா என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயம்தான், ஆனால் கூட்டம் அலைமோதுகிறது.

ஜூலை 23

ரிசார்ட்டின் காட்சிகள். இரண்டு இருக்கின்றன, இரண்டும் காசு. ஒன்று ஒளிவயல், புரூஸ் மன்ரோ என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2016-ல் அமைத்தது, பாலைவன மண்ணில் 50,000 விளக்குத் தண்டுகள், சூரிய மின்சாரம். இன்னொன்று 2023-ல் தொடங்கிய ட்ரோன் காட்சி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரோன்கள் வானத்தில் அனங்குகளின் மாலா கதையை, அதாவது குட்டிக் கங்காரு ஜாதி மூதாதையர்களின் கதையை, வரைகின்றன.

நான் ஒளிவயலுக்குப் போனேன். முதலில் எரிச்சல். இந்த இருட்டைத் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தோம், இங்கேயும் சீரியல் லைட்டா என்று. அப்புறம் உள்ளே நடந்தபோது நிறம் மாறிக்கொண்டே இருந்தது, மகன் வாய் பிளந்து பார்த்தான், நானும் வாயை மூடிக்கொண்டேன். இருந்தாலும் ஒளிவயலா, இன்னொரு நாள் தங்கலா என்று இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டும் என்றால் ஒளிவயலை வெட்டுங்கள், ஒரு நாள் கூடத் தங்குங்கள். இன்றைக்கு எழுதும்போது இப்படித் தோன்றுகிறது. அன்று இரவு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ட்ரோன் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள்.

ஜூலை 24

கார். பெரிய கதை.

நேராக யுலாரா பக்கத்து விமான நிலையத்துக்கே மெல்போர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் விமானம் உண்டு. நாங்கள் சாலையைப் பார்க்கும் ஆசையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இறங்கிக் கார் எடுத்தோம். தெற்கே 200 கிலோமீட்டர் எர்ல்டண்டா வரை, அங்கே வலது பக்கம் திரும்பி லாசட்டர் நெடுஞ்சாலையில் இன்னொரு 245. நல்ல தார் ரோடு, சாதாரணக் காரே போதும். போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. இருட்டினபிறகு ஓட்டாதீர்கள், மாடு, கங்காரு, ஒட்டகம் எல்லாம் ரோட்டுக்கு வரும், வாடகைக் கார் ஒப்பந்தத்திலேயே பல கம்பெனிகள் ராத்திரி ஓட்டத்துக்குக் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கின்றன.

ஒப்பந்தம் என்றதும் வயிறு எரிகிறது. எங்களுக்குக் கொடுத்த கம்பெனி ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர்தான் இலவசம் என்று போட்டிருந்தது, மிச்சம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. கவுன்டரில் எங்கே போகிறீர்கள் என்று சிரித்த முகமாகக் கேட்டு, உலுரு என்றதும் நல்ல இடம் என்று வாழ்த்தி அனுப்பினார்கள். போக வர 900 கிலோமீட்டர் என்று அவர்களுக்குத் தெரியாதா? திருப்பிக் கொடுத்தபோது வந்த பில் இன்னொரு ஆள் விமானச் சீட்டுக்கு ஆகும்.

வழியில் கர்ட்டின் ஸ்பிரிங்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் தட்டையான தலையோடு ஒரு பெரிய மலை எழும். பின் சீட்டிலிருந்து எல்லோரும் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கத்தினோம். அது உலுரு இல்லை, மவுண்ட் கானர். எல்லோரும் ஏமாறுகிற இடம். அதற்கென்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கினால் மலையை மட்டும் படம் எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், சாலையைத் தாண்டி எதிர்ப் பக்க மணல்மேட்டில் ஏறிப் பாருங்கள், அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பு ஏரி. சொல்லாவிட்டால் தெரியாது. எங்களுக்குச் சொன்னது பெட்ரோல் போட்ட இடத்தில் ஒரு லாரிக்காரர்.

ஜூலை 24

இன்னொன்று, அந்தச் சாலையோர மரங்கள். மெல்லிய தூரிகை மாதிரி ஒல்லியாக நிற்கும் குட்டி மரங்களும், குடை விரித்த பெரிய மரங்களும் இரண்டு ஜாதி என்று நினைத்திருந்தேன், இரண்டும் ஒன்றே, டெசர்ட் ஓக். சின்ன வயதில் கிளையே விடாமல் வேரை மட்டும் கீழே கீழே இறக்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் எட்டினபிறகுதான் மேலே விரியும். ஓக் என்கிறார்களே தவிர நம் கடற்கரைச் சவுக்குக்குச் சொந்தக்காரன். அடியில் நின்றால் காற்றில் அதே இரைச்சல். கடலில்லாமல்.

ஜூலை 27

உலுருவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், என் மனைவியைக் கேட்டால் கட்டா ஜூட்டாதான் உசத்தி என்பாள். யுலாராவிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். 36 மொட்டைக் குன்றுகள் கூட்டமாக, உயரமானது தரையிலிருந்து 546 மீட்டர், அதாவது உலுருவைவிட 200 மீட்டர் கூடுதல். இது மணல் கல் இல்லை, கூழாங்கற்களையும் பாறைத் துண்டுகளையும் சேற்றில் போட்டு இறுக்கின கலவை. சுவரில் கை வைத்தால் பிடி பிடியாகக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. 'காற்றுப் பள்ளத்தாக்கு' என்று 7.4 கிலோமீட்டர் பாதை, இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏறி இறங்குவது, கால் உள்ளவர்கள் விடக் கூடாது. அம்மாவும் மகனும் வால்பா இடுக்கோடு நின்றுகொண்டார்கள், அது 2.6 கிலோமீட்டர், போய் வர. காற்றுப் பள்ளத்தாக்கை வெயில் 36 டிகிரியைத் தொடும் என்ற நாளில் காலை 11 மணிக்கு முதல் பார்வை மேடையோடு மூடிவிடுவார்கள், அதனால் விடியும்போதே போய்விடுங்கள்.

இந்த இடத்தில் கூட்டம் பாதிக்கும் பாதி. ஒரு கட்டத்தில் முன்னாலும் பின்னாலும் யாருமில்லை. ஓர் இரவுக்காரர்கள் யாரும் இங்கே வருவதில்லை, அவர்களுக்கு நேரம் ஏது.

ஆகஸ்ட் 2

"ஒரே ரிசார்ட், ஏகபோகம்" என்ற ஆரம்பப் புகாருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டினார்கள். ஏகபோகம்தான். ஆனால் எப்படி வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

எழுபதுகளில் மோட்டல்கள், விமான ஓடுதளம், கேம்ப்கிரவுண்ட் எல்லாம் பாறையின் காலடியிலேயே இருந்தன. அசாரியா சேம்பர்லேன் என்ற இரண்டு மாதக் குழந்தையை டிங்கோ நாய் தூக்கிப் போனது அங்கேதான், 1980 ஆகஸ்ட் 17 இரவு. தாய் சொன்னதை நம்பாமல் அவரைக் கொலைகாரி என்று ஜெயிலில் போட்டு, 2012-ல்தான் டிங்கோவே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி எழுதினார். அடிவாரத்தை இப்படி நாசமாக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் பெயர்த்து, பூங்கா எல்லைக்கு வெளியே ஒரே இடத்தில் கட்டியது யுலாரா. 1984-ல் திறந்தது, பிலிப் காக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். மணல்மேடுகளுக்கு இடையே பதுங்கி, மேலே வெள்ளைக் கூடாரத் துணி. பாறையின் பக்கத்தில் நின்று பார்த்தபோது இந்த ஊரை நான் தேடித்தான் பார்த்தேன், கண்ணில் படவில்லை. பூங்காவுக்குள் ராத்திரி யாரும் தங்க முடியாது. அந்த விலையில் ஒரு பங்கு இதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

2011-ல் ரிசார்ட்டை அரசின் பூர்வகுடி நிலக் கழகம் கிட்டத்தட்ட 300 மில்லியன் டாலருக்கு வாங்கியது, பூர்வகுடி இளைஞர்களுக்குப் பயிற்சிப் பள்ளியும் அங்கேயே நடத்துகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மனசு முழுக்கச் சமாதானமாகவில்லை. பூங்கா டிக்கெட்டில் நாலில் ஒரு பங்கு அனங்குகளுக்குப் போகிறது என்கிறார்கள். பாறைக்குக் கிழக்கே அவர்கள் குடியிருக்கும் முடிஜுலு கிராமத்துக்கு அனுமதி இல்லாமல் போகக் கூடாது, அது சரியும்கூட, வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது இல்லையா. ஆனால் நான் ரிசார்ட்டில் பேசியவர்களில் வரவேற்பில் இருந்தவர் நேபாளம், காபி போட்டவர் பிரான்ஸ், பஸ் ஓட்டியவர் நியூசிலாந்து. அனங்குகளை நான் அதிகம் பார்த்தது புல்வெளியில் விரிப்புப் போட்டு ஓவியம் விற்கும் பெண்களாக. புள்ளி புள்ளியாக வைக்கும் கை எங்கேயும் தடுமாறவில்லை. ஒரு சின்னத் துணி ஓவியம் வாங்கினோம், வரைந்தவர் கையாலேயே. காசை எண்ணாமல் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு "பல்யா" என்றார். வணக்கத்துக்கும், நன்றிக்கும், சரிக்கும், போய் வாவுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும் போல.

ஆகஸ்ட் 3

நேரம் கேட்டவருக்கு: உலுரு இருக்கும் வட பிரதேசத்துக்கும் (நார்தர்ன் டெரிட்டரி) இந்தியா, இலங்கைக்கும் சரியாக 4 மணி நேரம் வித்தியாசம், கோடை நேர மாற்றமும் கிடையாது. அரை மணிக் கணக்கு இல்லாமல் ஊருக்குப் போன் செய்ய முடிகிறதே என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி.

குளிர் கேட்டவருக்கு: ஜூலையில் பகல் 20 டிகிரி, இரவு 5-க்கும் கீழே இறங்கும். டென்டில் தூங்கினவன் சொல்கிறேன், ஒரு கம்பளி போதாது. ஆனால் அந்தக் குளிரில் ராத்திரி எழுந்து வெளியே வந்தால் நட்சத்திரத்துக்கு டிக்கெட் இல்லை. ரிசார்ட்டுக்குள்ளேயே மணல்மேட்டில் பார்வை மேடைகள் உண்டு, அங்கே போய் மல்லாந்து படுங்கள். ஊரில் தெற்கே தாழ்வாகப் பார்க்கிற விருச்சிகம் நேர் உச்சியில் நிற்கும், கேட்டை சிவப்பாக மூக்குக்கு மேலே. அம்மா தன் நட்சத்திரம் கேட்டை என்பதால் அதையும் தனக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவர் மூன்று இரவுக்குப் பதிந்துவிட்டதாக எழுதியிருக்கிறார், வீட்டில் திட்டு வாங்கியது போதும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். நல்லது. செப்டம்பர் விடுமுறையில் மின்சார இணைப்புள்ள கூடார இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், கையில் அறை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ரிசார்ட்டுக்குள் சுற்ற இலவச பஸ் உண்டு, ஆனால் பாறைக்குப் போக அது உதவாது, கார் வேண்டும் அல்லது காசு கொடுத்து ஏறும் பஸ். கிங்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கையும் சேர்க்கலாமா என்கிறார்: அது யுலாராவிலிருந்து மூன்றரை மணி நேர ஓட்டம், மூன்று இரவில் அதைத் திணித்தால் காரிலேயேதான் இருப்பீர்கள். நாங்களும் அதை விட்டுவிட்டோம், வருத்தம் உண்டு, அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ஆலிஸ் வழியாகப் போகும் எண்ணம் இன்னும் இருந்தால் அந்தக் கார் ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரியை முதலில் படியுங்கள், அப்புறம் கையெழுத்து.